தண்ணீரில் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக மாற்றுவது: பாலிமர் வினையூக்கியைச் செய்து, ஓட்டி, சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரெசின் என்றால் என்னவென்று வகுப்பில் விளக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் தொட்டிக்குள் பழுப்பு நிறத்தில் கடுகளவு மணிகள் இருக்கும். தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அவை பிடித்துக்கொள்ளும். நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டு அலசினால் பழையபடி வேலைக்கு வந்துவிடும். அந்த மணி பாலிஸ்டைரீன் என்னும் பாலிமர். அதன் சங்கிலிகளில் சல்ஃபோனிக் அமிலக் குழுக்களைக் கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாம் பார்க்கப்போவதும் இதே யோசனைதான். கால்சியத்தைப் பிடிக்கும் குழுவுக்குப் பதிலாக ஒரு வினையூக்கியைப் பாலிமரில் கட்டிவைக்கிறோம். வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி போடுகிறோம். ஆல்கஹாலை, அதிலுள்ள ஹைட்ரஜனை எடுத்து, ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாற்றும் வினைக்கு இதைத் தண்ணீரிலேயே எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யும் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபியூம் ஹூட் (நச்சுப்புகையை இழுக்கும் பெட்டி), பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஓர் ஆசிரியர் ஆகிய நான்கும் இல்லாமல் இதில் எதையும் தொட வேண்டாம்.

ஏன் இந்தச் சிரமம் என்று கேட்கலாம். பழைய வழி குரோமியம். பாடப்புத்தகத்தில் வரும் பிசிசி, அதாவது பிரிடினியம் குளோரோகுரோமேட், ஒரு மோல் ஆல்கஹாலுக்கு வழக்கமாக ஒன்றரை மோல் வேண்டும். 108 கிராம் பென்சைல் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 323 கிராம் பிசிசி. பொருளை எடுத்த பிறகு கையில் நிற்பது கரிய பிசின் போன்ற குரோமியக் கழிவு. மிச்சமிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதைக் கொட்ட நமக்கு இடமில்லை.

அப்புறம் வந்தது டெம்போ. 1960-இல் சோவியத் ரஷ்யாவில் லெபெதெவும் கசர்னோவ்ஸ்கியும் முதலில் செய்த நைட்ராக்சில் மூலக்கூறு. நைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பில் இணையில்லாத தனி எலக்ட்ரான் இருந்தும் நிலையாக நிற்கும். 1987-இல் இத்தாலியில் அனெல்லியும் மொந்தானாரியும் சேர்ந்த குழு, நூறு ஆல்கஹாலுக்கு ஒரு டெம்போ போதும், மீதி வேலையை மலிவான பிளீச்சே (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) செய்துவிடும் என்று காட்டியது. அது நடக்கும் விதம் எளிது. பிளீச் டெம்போவை ஆக்சோஅமோனியம் அயனியாக ஆக்குகிறது. அந்த அயனி ஆல்கஹாலிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ராக்சிலமீனாகிறது. பிளீச் அதை மறுபடி பழைய நிலைக்கு ஏற்றுகிறது. ஏற்றம் இறைக்கிற மாதிரி, ஒரே சால் மேலும் கீழும் போய் வருகிறது.

ஆனால் டெம்போ சின்ன மூலக்கூறு. பொருளோடு சேர்ந்து கரைப்பானுக்குள் போய்விடும், பதங்கமாகும், பிரிக்கக் காலம் தின்னும். 36 முதல் 38 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் ஈரோட்டுச் சித்திரை வெயிலில் பாட்டிலுக்குள்ளேயே குழம்பாக நிற்கும். இதைப் பாலிமரில் கட்டிவிட்டால் எல்லாத் தொல்லையும் ஒரே அடியில் குறையும்.

எந்தப் பாலிமர்?

இங்கேதான் பல புராஜெக்டுகள் தொடக்கத்திலேயே வழி தவறுகின்றன. வெறும் பாலிஸ்டைரீன் மணியைத் தண்ணீரில் போட்டால் நனையாது, உப்பாது. வினையூக்கி மணிக்குள்ளே இருக்கிறது. மணி விரியாவிட்டால் ஆல்கஹால் உள்ளே போக வழியில்லை. சாஃப்ட்னர் ரெசின் தண்ணீரில் உப்புவதற்குக் காரணம் அதிலுள்ள மின்சுமைகள். ஆனால் அது எண்ணெய் போன்ற ஆல்கஹாலை அவ்வளவாக அண்டவிடாது. ஆகவே தண்ணீரையும் எண்ணெயையும் ஒருங்கே ஏற்கும் பாலிமர் வேண்டும், அல்லது வேலை எல்லாம் மேற்பரப்பிலேயே நடக்கும் அளவுக்கு நுண்ணிய தூள் வேண்டும். பாலிஸ்டைரீன் மணியின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளை முடிபோல் வளர்த்த ரெசின் முதல் வகை. விலை அதிகம். இரண்டாம் வகைக்கு அருமையான மலிவு வழி ஒன்று இருக்கிறது. அதையே முதலில் விரிவாகச் சொல்கிறேன்.

நிழல்வலை, தார்ப்பாய் செய்கிறவர்கள் வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்காமலிருக்க யூவி ஸ்டெபிலைசர் கலப்பார்கள். அதில் ஒரு வகை கிமசார்ப் 944 என்ற பெயரில் விற்கும் ஆலிகோமர், அதாவது குட்டைச் சங்கிலிப் பாலிமர். டெம்போவாக மாறக் காத்திருக்கும் டெட்ராமெத்தில்பைபெரிடின் வளையங்கள் அதன் சங்கிலி நெடுகத் தொங்குகின்றன. 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் குழு இதை ஆக்சிஜனேற்றி, பாலிமரில் கட்டுண்ட டெம்போவாக்கி, பைப்போ என்று பெயர் வைத்தது. புரோமைடு சேர்க்காமலும் குளோரின் கலந்த கரைப்பான் இல்லாமலும் பிளீச்சோடு அது வேலை செய்தது. வயல்வெளியில் நிழல்வலையைக் காக்கிற பொருளே நம் குடுவையில் வினையூக்கியாகிறது என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் விஷயம்.

முதல் படி: பைப்போ செய்தல்

ஆலிகோமரின் ஒரு கண்ணி ஏறத்தாழ 599 எடை. அதில் இரண்டு பைபெரிடின் இருக்கின்றன. எனவே 3 கிராம் எடுத்தால் 10 மில்லிமோல் அமீன். கணக்கு வசதியாக இருப்பதால் இந்த அளவே நல்லது.

3 கிராம் ஆலிகோமரை 15 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரையுங்கள். 0.16 கிராம் சோடியம் டங்ஸ்டேட் டைஹைட்ரேட்டையும் 0.17 கிராம் டெட்ராபியூட்டைல் அமோனியம் ஹைட்ரஜன் சல்ஃபேட்டையும் 3 மி.லி. தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். குடுவையை ஐஸ் தொட்டியில் வைத்து, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 6 மி.லி.யை ஒரே வீச்சில் ஊற்றாமல் மூன்று நான்கு தவணையாக, தவணைக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சேருங்கள். மூடியை இறுக்கக் கூடாது. ஆக்சிஜன் வெளியேறும். பிறகு இரவு முழுக்கக் கலக்க விடுங்கள். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிக்கும். நம் கோடையில் ஆய்வகமே அதை நெருங்கிவிடும் என்பதால் குடுவை எப்போதும் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கட்டும்.

நிறமற்றிருந்த கரைசல் மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகும். அந்த நிறம்தான் நைட்ராக்சில். நிறம் ஆழமாவது நின்றதும் அடுக்குகளைப் பிரித்து, கீழ் அடுக்கைத் தண்ணீரில் மூன்று முறை, குளிர்ந்த நீர்த்த சோடியம் சல்ஃபைட் கரைசலில் ஒரு முறை, மறுபடி தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். கடைசியாக அலசிய தண்ணீரைப் பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாளில் தொட்டுப் பாருங்கள். நீலம் வந்தால் பெராக்சைடு இன்னும் இருக்கிறது. நீலம் வராத வரை ரோட்டரியில், அதாவது கரைப்பானை ஆவியாக்கும் கருவியில், ஏற்றவே கூடாது. பெராக்சைடு மிச்சமிருக்கும் கரைசலைச் சுண்டவைத்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. இன்னொன்று: இந்தக் குடுவைகளைக் கழுவ அசிட்டோனைத் தொடாதீர்கள். பெராக்சைடும் அசிட்டோனும் சேரக் கூடாத ஜோடி. பழக்க தோஷத்தில் கை தானாக அசிட்டோன் பாட்டிலுக்குப் போகும். அன்றைக்கு அந்த பாட்டிலை மேசையிலிருந்தே எடுத்து வைத்துவிடுவது என் வழக்கம்.

கரைசலைப் பாதியாகச் சுண்டவைத்து, வேகமாகக் கலங்கும் ஹெக்சேனுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால் செம்மஞ்சள் தூள் இறங்கும். வடிகட்டி, தண்ணீரில் அலசி, அறை வெப்பத்தில் உலர்த்துங்கள். முழுக்க மாறியிருந்தால் கிராமுக்கு ஏறத்தாழ 3.2 மில்லிமோல் நைட்ராக்சில் இருக்கும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆகவே மோல் சதவீதம் (நூறு ஆல்கஹாலுக்கு எத்தனை நைட்ராக்சில்) எழுதும்போது அது உச்சவரம்புக் கணக்கு என்று நோட்டில் குறித்துவிடுங்கள். தனி எலக்ட்ரானைக் காட்டும் ஈபிஆர் கருவி எட்டும் இடத்தில் இருந்தால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. தனி டெம்போ மூன்று கோடு காட்டும். நைட்ராக்சில்கள் நெருக்கமாகத் தொங்கும் பாலிமரில் அவை கலந்து ஒரே அகலக் கோடாகும்.

பச்சை வேதியியல் என்று சொல்லிவிட்டு டைகுளோரோமீத்தேனில் தொடங்குகிறோமே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. 3 கிராம் வினையூக்கி தொண்ணூறுக்கும் மேற்பட்ட சோதனைகளுக்கு வரும் என்பதால்தான் இதை ஏற்கிறேன். ஆய்வறிக்கையில் இந்தக் கரைப்பானையும் மறைக்காமல் கணக்கில் காட்ட வேண்டும்.

தூள் கைக்கு வந்ததும் வினைக்கு ஓடாதீர்கள். ஐந்து சோதனைக் குழாய்களில் தண்ணீர், பென்சைல் ஆல்கஹால், பென்சால்டிஹைடு, எம்டிபிஇ (மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் என்னும் கரைப்பான்), எத்தில் அசிடேட் தலா 1 மி.லி. எடுத்து ஒவ்வொன்றிலும் 5 மி.கி. தூள் போட்டு அரை மணி நேரம் குலுக்குங்கள். திரவத்தில் நிறம் ஏறினால் தூள் கரைகிறது. ஆல்கஹாலிலோ ஆல்டிஹைடிலோ நன்றாகக் கரைந்தால், வினை நடக்கும்போது உங்கள் வினையூக்கி திண்மமே அல்ல. பிறகு எத்தனை மறுசுழற்சி வரைபடம் போட்டாலும் பொருளில்லை. அரை மணி நேரச் சோதனை இது. ஒரு செமஸ்டரைக் காப்பாற்றும்.

இரண்டாம் படி: பிளீச்சை அளத்தல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாயப்பட்டறையில் சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஹைப்போ என்பார்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஹைப்போ என்றால் சோடியம் தயோசல்ஃபேட். ஒன்று ஆக்சிஜனேற்றி, மற்றது அதை முறிப்பது. பெயர் ஒன்று, குணம் நேரெதிர். பட்டறைக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் முதல் நாள் டைட்ரேஷனில் நின்று, "ஏனுங்க சார், ஹைப்போவ ஹைப்போவாலயே முறிக்கறதுங்களா?" என்று கேட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் அலமாரியில் எந்த பாட்டிலிலும் அந்தப் பெயர் இல்லை. பிளீச், தயோ என்று மட்டுமே எழுதுகிறோம்.

பிளீச் வெயிலிலும் வெப்பத்திலும் தானே சிதையும். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். ஒரு வருடம், 12 சதவீதம் என்று ஒட்டி வந்த கேனை அப்படியே நம்பி மூன்று வாரம் வினை ஓட்டினோம். பாதிக்கு மேல் மாறவே இல்லை. வினையூக்கி சரியில்லை என்று இரண்டு முறை புதிதாகச் செய்தோம். கடைசியில் அளந்து பார்த்தால் கேனில் இருந்தது 4 சதவீதத்துக்கும் கீழே. அந்தப் பொறுப்பு என்னுடையது. மாணவர்களிடம் அளக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அளப்பது பத்து நிமிட வேலை. 10 மி.லி. பிளீச்சை 100 மி.லி. ஆக்குங்கள். அதில் 10 மி.லி. எடுத்து, 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 5 மி.லி. நீர்த்த அசிட்டிக் அமிலம் சேர்த்து, வெளிவரும் அயோடினை 0.1 நார்மல் தயோவால் முறியுங்கள். முடிவில் ஸ்டார்ச். 24 மி.லி. தயோ செலவானால் 2.4 மில்லிமோல். ஒரு ஹைப்போகுளோரைட்டுக்கு இரண்டு தயோ என்பதால் 1.2 மில்லிமோல் பிளீச். அது 1 மி.லி. மூல பிளீச்சிலிருந்து வந்தது. எனவே செறிவு 1.2 மோலார். ஒவ்வொரு வினை நாளும் காலையில் இதைச் செய்யுங்கள். பிளீச்சை ஃப்ரிட்ஜில், இருட்டில், மூடியை லேசாகத் தளர்த்தி வையுங்கள்.

வினைக்குத் தண்ணீர் வாலை வடிநீராகவே இருக்கட்டும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், குழாய்த் தண்ணீர் வேண்டாம். போர் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளையாக இறங்கி, வினையூக்கித் தூளோடு கலந்துவிடும். அதன் பிறகு தூளின் எடை எதையும் சொல்லாது.

மூன்றாம் படி: வினை

25 மி.லி. வட்டக் குடுவையில் 10 மி.லி. தண்ணீர், 0.54 கிராம் பென்சைல் ஆல்கஹால் அதாவது 5 மில்லிமோல், 32 மி.கி. பைப்போ. இது 2 மோல் சதவீதம். ஐஸ் தொட்டியில் வைத்து 0 முதல் 5 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

தனிக் குவளையில் பிளீச் 6.25 மில்லிமோல், அதாவது 1.25 சமானம், ஒரு மோல் ஆல்கஹாலுக்கு 1.25 மோல். மேலே சொன்ன 1.2 மோலார் என்றால் 5.2 மி.லி. கடையில் வரும் பிளீச்சின் பிஹெச் 12-க்கு மேலே இருக்கும். சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 9-க்கு அருகில் கொண்டுவாருங்கள். மீட்டர் வைத்துச் செய்யுங்கள், தாளில் வேண்டாம். இந்த 9 ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். நைட்ராக்சிலை ஏற்றிவிட ஹைப்போகுளோரஸ் அமிலம் கொஞ்சம் வேண்டும். பிஹெச் 12-இல் அது ஏறத்தாழ இல்லவே இல்லை, வினை தூங்கும். 8-க்குக் கீழே போனால் அது மிகுந்து, ஆல்டிஹைடைத் தாண்டி அமிலம் வரைக்கும் இழுத்துப் போகும். இன்னும் கீழே போனால் குளோரின் வாயு. எந்தக் காரணத்துக்காகவும் பிளீச்சில் அமிலத்தை ஊற்றிப் பிஹெச்சைக் குறைக்காதீர்கள்.

பிளீச்சைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெப்பம் வெளிவரும். குடுவைக்குள் வெப்பமானி இருக்கட்டும், 10 டிகிரியைத் தாண்டினால் சொட்டுவதை நிறுத்துங்கள். கலக்குவது வேகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தூள் மிதக்கப் பார்க்கும். நூறு மி.லி. தண்ணீரில் பென்சைல் ஆல்கஹால் 4 கிராம் வரை கரையும், பென்சால்டிஹைடு அதைவிடப் பல மடங்கு குறைவாகவே கரையும். ஆகவே வினை முன்னேற முன்னேற எண்ணெய்த் துளிகள் பிரிந்து, தூள் அந்தத் துளிகளின் விளிம்பில் போய் ஒட்டும். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவிலுள்ள அந்த எல்லையில்தான் வேலை நடக்கிறது. கண்ணாலேயே பார்க்கலாம். கசப்புப் பாதாம் வாசமும் வரும், ஆனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சிறு துளி எடுத்து, எம்டிபிஇ-யில் குலுக்கி, டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தட்டில் ஓட்டுங்கள். ஹெக்சேன் நான்கு பங்கு, எத்தில் அசிடேட் ஒரு பங்கு போதும். ஆல்டிஹைடு மேலே, ஆல்கஹால் கீழே நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். டிஎன்பி (டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன்) கரைசலில் ஆரஞ்சு வீழ்படிவு வந்தால் கார்போனைல், அதாவது ஆல்டிஹைடோ கீட்டோனோ, இருக்கிறது என்று பொருள். எவ்வளவு என்பதை வாயு நிறப்பிரிகைக் கருவியான ஜிசி சொல்லும்.

முடிந்ததும் மிச்ச பிளீச்சைத் தயோ விட்டு முறித்து, அயோடைடு தாள் நிறம் மாறவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு வடிகட்டுங்கள். தூளை 2 மி.லி. எம்டிபிஇ-யால் அலசி, அதே கரைப்பானோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வடிநீரிலிருந்து ஆல்டிஹைடை எடுங்கள்.

முதல்நிலை ஆல்கஹால் சீக்கிரமும், இரண்டாம்நிலை ஆல்கஹால் மெதுவாகவும் மாறும். ஆக்டனால் போன்ற நீண்ட சங்கிலி ஆல்கஹாலுக்கு ஒரு எச்சரிக்கை: தண்ணீரில் அதன் ஆல்டிஹைடு நீரேற்றமடைந்து, அந்த வடிவத்தில் மறுபடி ஆக்சிஜனேற்றப்பட்டு அமிலமாகும். ஆல்டிஹைடோடு நிறுத்த வேண்டுமானால் பிளீச்சை 1.05 சமானத்துக்கு மேல் விடாதீர்கள்.

நான்காம் படி: உண்மையா என்று பார்த்தல்

என்னைக் கேட்டால் இதுதான் புராஜெக்டின் உயிர். வினையை ஓட்டுவது ஒரு நாள் வேலை. வினையூக்கி திண்மமாகவே நின்று வேலை செய்தது, மறுபடி மறுபடி செய்தது என்று நிரூபிப்பதற்குத்தான் மீதி மாதங்கள்.

வெற்றுச் சோதனைகள் மூன்று வேண்டும். தூள் இல்லாமல் பிளீச் மட்டும். பிளீச் இல்லாமல் தூள் மட்டும். தூளுக்குப் பதிலாக ஆக்சிஜனேற்றாத மூல ஆலிகோமர். பிளீச் தனியாகவே கொஞ்சம் ஆல்கஹாலை மாற்றும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியாமல் வினையூக்கியைப் பற்றிப் பேச முடியாது.

அடுத்து வடிகட்டல் சோதனை. வினை பாதியில் இருக்கும்போது கலவையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அதே குளிரில் வேகமாக வடிகட்டித் தெளிந்த நீரை மட்டும் தொடர்ந்து கலக்க விடுங்கள். அதில் மாற்றம் வெற்றுச் சோதனையின் வேகத்தைத் தாண்டி ஏறினால், வினையூக்கி கரைந்து வெளியே வந்திருக்கிறது.

மறுபயன்பாட்டில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஐந்திலும் 98 சதவீதம் என்று ஐந்து உயரமான தூண்கள் வரைந்து கொண்டுவருவார்கள். வினை இருபது நிமிடத்தில் முடியக்கூடியது என்றால், வினையூக்கியில் பாதி செத்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் 98 வரத்தான் செய்யும். பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு மாறியிருந்தது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் எடுங்கள். அந்த எண் இறங்கினால் வினையூக்கி தளர்கிறது. அதை மறைக்காமல் எழுதுங்கள். வழுக்காத எண்ணைவிட நேர்மையாக இறங்கும் எண்ணிலிருந்துதான் அடுத்தவர் கற்றுக்கொள்வார்.

32 மி.கி. தூளை வடிதாளிலிருந்து சுரண்டி எடுப்பது நடக்காத காரியம். மறுபயன்பாட்டுச் சோதனைக்கு எல்லா அளவையும் ஐந்து மடங்காக்கி, 160 மி.கி. தூளோடு செய்யுங்கள். வடிகட்டுவதற்குப் பதில் சென்ட்ரிஃபியூஜ் குழாயிலேயே இறக்கி, மேல்நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் இழப்பு குறையும். ஒவ்வொரு சுற்றிலும் எடை பாருங்கள்.

உப்புக் கணக்கு

இவ்வளவும் சரியாக வந்துவிட்டால் மாணவர்கள் முகத்தில் ஒரு நிறைவு வரும். தண்ணீரில் செய்தோம், குரோமியம் இல்லை, வினையூக்கி திரும்பக் கிடைத்தது. அந்த இடத்தில்தான் நான் ஒரு கணக்குப் போடச் சொல்வேன்.

ஒரு கிலோ பென்சைல் ஆல்கஹால் 9.25 மோல். 1.25 சமானம் பிளீச் என்றால் 11.6 மோல். அது முழுக்கக் கடைசியில் சோடியம் குளோரைடாகும், 676 கிராம். அதோடு முடியவில்லை. காஸ்டிக் சோடாவில் குளோரினைச் செலுத்திப் பிளீச் செய்யும்போதே ஒரு மோல் ஹைப்போகுளோரைட்டோடு ஒரு மோல் உப்பும் பிறக்கிறது. ஆக மொத்தம் ஏறத்தாழ 1.35 கிலோ உப்பு. பைகார்பனேட்டும் தயோவும் தனி. 1.2 மோலார் பிளீச்சில் இது 10 லிட்டருக்குள் அடங்கும், லிட்டருக்கு 1,35,000 மில்லிகிராமுக்கும் மேல். வினைக்கு ஊற்றிய தண்ணீரையும் சேர்த்தால் செறிவு குறையும். உப்பின் எடை குறையாது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்.

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இந்த எண்ணை வெறும் எண்ணாகப் பார்க்க முடியாது. நொய்யலில் சாயக்கழிவு இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உப்புத் தண்ணீரைத் தேக்கும் அணையானதை நாம் பார்த்தோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது எத்தனை வீடுகளில் வேலை நின்றது என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியும், அதை எடுத்துவிடலாம். உப்பு கண்ணுக்குத் தெரியாது, அதை எடுப்பதுதான் சிரமம். ஆர்ஓ, அதற்குப் பிறகு ஆவியாக்கி என்று பட்டறைகள் இன்று செலவழிப்பதெல்லாம் பெரும்பாலும் அதற்காகத்தான். தண்ணீரைக் கரைப்பானாக வைத்தோம் என்பதற்காக ஒரு வினை பசுமையாகிவிடாது. அந்தத் தண்ணீர் எதைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ளவும் சிறிய அளவில் செய்யவும் பிளீச் வழி நல்ல வழி. பெரிய அளவில் இந்த மண்ணில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஐந்தாம் படி: ஆக்சிஜனுக்கு மாறுதல்

பிளீச்சுக்குப் பதில் ஆக்சிஜன் வாயுவே ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது தண்ணீர் மட்டும். 2000-இல் இதே ஷெல்டன் குழு தண்ணீரில் கரையும் பல்லேடியம் சேர்மத்தால் இதைக் காட்டியது. 2003-இல் ஜப்பானின் உவொசுமியும் நகாவோவும் முன்னே சொன்ன பாலிஸ்டைரீன் பாலிஎத்திலீன் கிளைக்கால் ரெசினுக்குள் பல்லேடியம் நுண்துகள்களைப் பரப்பி, சாதாரண அழுத்த ஆக்சிஜனில், தண்ணீரிலேயே ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றினார்கள். ஆல்கஹால் தண்ணீரைவிட ரெசினுக்குள் இருக்கவே விரும்பும் என்பதால் பல்லேடியத்தைச் சுற்றி அதுவே வந்து சேர்கிறது. 2005-இல் ட்சுகுடா குழு பாலிவினைல் பைரோலிடோன் போர்த்திய தங்க நுண்துகள்களாலும் இதைச் செய்தது. அது தண்ணீரில் கரைந்து நிற்பதால் வடிகட்டி எடுக்க வராது.

செய்முறையின் சுருக்கம் இது. அமீன் முனையுள்ள அந்த ரெசினில் பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும் பிரிடின் வகை லிகண்டு ஒன்றை அமைடு பிணைப்பால் கட்டுங்கள். டொலுவீனில் பல்லேடியம் அசிடேட்டோடு குலுக்கினால் மணி மஞ்சளாகும். நன்றாக அலசி, தண்ணீரில் பென்சைல் ஆல்கஹாலோடு 80 டிகிரியில் வைத்தால் ஆல்கஹாலே பல்லேடியத்தை ஒடுக்கி, மணி கறுக்கும். கிராமுக்கு 0.25 மில்லிமோல் பல்லேடியம் ஏறியிருந்தால், 5 மில்லிமோல் ஆல்கஹாலுக்கு 200 மி.கி. ரெசின் 1 மோல் சதவீதம். தண்ணீரில் போட்டு, குளிர்விப்பானுக்கு மேல் ஆக்சிஜன் பலூன் வைத்து, கொதிநிலைக்கு அருகில் ஓட்டுங்கள். பிளீச் வழி ஒரு மணி நேரம் என்றால் இது ஒரு நாள்.

கவனிக்க வேண்டியவை. காந்தத் துண்டு போட்டு வேகமாகக் கலக்கினால் அம்மியில் அரைத்த மாதிரி மணி தூளாகும். அந்தத் தூள் வடிதாளைத் தாண்டிப் போய், பல்லேடியம் கரைந்துவிட்டது என்று தவறாக நினைக்கவைக்கும். குலுக்கியில் வையுங்கள், அல்லது மேலிருந்து துடுப்பால் மெதுவாகக் கலக்குங்கள். பல்லேடியம் ஏறிய ரெசினைக் கரைப்பான் ஈரத்தோடு காற்றில் உலர விடாதீர்கள், தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைந்தபடியே வையுங்கள். வெல்டிங் கடையில் கிடைக்கும் ஆக்சிஜன் சிலிண்டரைப் பயன்படுத்தினால் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. முதல் ஓட்டத்தைக் காற்றிலேயே செய்து பாருங்கள். வடிகட்டல் சோதனையை இங்கே வினை நடக்கும் சூட்டிலேயே செய்ய வேண்டும். ஆறவிட்டால் கரைந்த பல்லேடியம் மறுபடி மணியில் படிந்து, எதுவும் வெளியேறவில்லை என்று காட்டிவிடும். தெளிந்த நீரை, உலோக அளவைக் காட்டும் ஐசிபி பரிசோதனைக்கு அனுப்பி, பல்லேடியம் எத்தனை பிபிஎம் என்று பாருங்கள். பல்லேடியம் விலையுயர்ந்த உலோகம் என்பதால் இந்த எண் காசுக் கணக்கும் கூட.

கடைசியாக, கழிவு. பிளீச் வழியின் தண்ணீரை முறித்த பிறகும் சிங்க்கில் ஊற்றாமல் உப்புநீர் என்று எழுதிய கேனில் சேருங்கள். கரைப்பான்கள் தனி, அதிலும் டைகுளோரோமீத்தேன் தனி. பல்லேடியம் பட்ட வடிதாள், பஞ்சு எல்லாம் ஈரத்தோடு மூடிய பாட்டிலில். ஒவ்வொரு வினையின் பக்கத்திலும் விளைச்சலுக்குக் கீழே மூன்று வரி எழுதச் சொல்கிறேன்: எத்தனை கிராம் உப்பு வெளியேறியது, எத்தனை மி.லி. கரைப்பான் செலவானது, எத்தனை மில்லிகிராம் வினையூக்கி திரும்பி வரவில்லை. அந்த மூன்று வரியையும் பார்த்த பிறகுதான் நோட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.